நினைவகத்தை எப்போது விடுவிப்பது? மொன்றியலில் உருவான ஒரு விடை

கணினி மென்பொருட்களில் ஏற்படும் கடுமையான பாதுகாப்புக் குறைபாடுகளுக்கு முக்கிய காரணங்களில் ஒன்று, நினைவகத்தை உரிய நேரத்துக்கு முன்பே விடுவித்துவிடுவதாகும். கூகுளின் குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் மென்பொருளில் கண்டறியப்பட்ட கடுமையான குறைபாடுகளில் சுமார் 70 சதவீதம் நினைவகக் கையாளுதல் தொடர்பானவை என்றும், அவற்றில் பாதி, விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மீண்டும் பயன்படுத்தியதால் விளைந்தவை என்றும் அதை உருவாக்குவோர் 2020ஆம் ஆண்டில் தெரிவித்தனர்.

சி மொழியில் நிரல் எழுதுபவர், தமக்கு வேண்டிய நினைவகத்தை 'மாலாக்' மூலம் கேட்டுப் பெறுகிறார். வேலை முடிந்ததும் 'ஃப்ரீ' மூலம் அவரே அதைத் திருப்பித் தர வேண்டும். மறந்துவிட்டால் நினைவகம் சிறிது சிறிதாக வீணாகும். அவசரப்பட்டுத் தந்துவிட்டாலோ, அந்த இடத்தில் வேறு தரவு வந்து சேரும். பழைய முகவரியை வைத்திருக்கும் நிரல் பகுதி அதையே தன்னுடையது என்று நம்பிப் படிக்கும். இதனால் நிரல் செயலிழக்கலாம், தாக்குதல் நடத்துவோருக்கும் வழி திறக்கலாம்.

பலர் படிக்கும்போது

நிரலின் பல பகுதிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் படிக்கும்போது சிக்கல் கூடுகிறது. ஒவ்வொரு முறையும் தரவைப் பூட்டித் திறந்தால் வேகம் குறையும்.

இதற்குத் தீர்வாக லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் 2002ஆம் ஆண்டு 'ஆர்சியு' என்ற முறை சேர்க்கப்பட்டது. இதில் பழைய தரவு திருத்தப்படுவதில்லை. திருத்திய பிரதி ஒன்று உருவாக்கப்பட்டு, புதிதாக வருவோருக்கு அது காட்டப்படுகிறது. பழையதைப் படித்துக்கொண்டிருந்த அனைவரும் வெளியேறிய பின்னரே அதன் நினைவகம் விடுவிக்கப்படுகிறது.

இயங்குதளக் கருவுக்கு வெளியே உள்ள சாதாரண நிரல்களும் இம்முறையைப் பயன்படுத்த வழிசெய்யும் மென்பொருள் நூலகத்தை, மொன்றியல் பொலிடெக்னிக்கில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட மத்தியூ டெனுவாயே 2009ஆம் ஆண்டில் உருவாக்கினார். ஆர்சியு முறையின் முன்னோடிகளில் ஒருவரான பால் மெக்கென்னி உள்ளிட்டோருடன் இணைந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2012இல் வெளியானது. இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் 'பைண்ட்' மென்பொருளின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பும் இந்த நூலகத்தைச் சார்ந்துள்ளது.

ஆயினும் இம்முறை நிரலாளரின் பொறுப்பை முற்றாக நீக்கிவிடவில்லை. படிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவரே குறிக்க வேண்டும். படிக்கும் பகுதி ஒன்று வெளியேறாமல் நின்றுவிட்டால், பழைய நினைவகமும் விடுவிக்கப்படாமல் தேங்கிக் கிடக்கும். 'ஃப்ரீ' என்று எழுதுவது எளிது. அந்தத் தரவு இனி யாருக்கும் தேவையில்லை என்று உறுதிசெய்வதே கடினம்.