உங்களுக்குத் தெரியுமா? நான்கு விசைகளும் ஒரு புரோட்டானும்

★ கல்வராயன் மலையில் வெள்ளிமலை போகும் வழியில் இருக்கிறது பெரியார் அருவி. தண்ணீரைக் கீழே இழுப்பது ஈர்ப்பு விசை. நாம் நிற்கும் பாறையின் அணுக்களை இறுகப் பிணைத்திருப்பது மின்காந்த விசை. அந்த அணுக்களின் கருவைச் சிதறவிடாமல் வைத்திருப்பது வலிமையான அணுக்கரு விசை. பாறையில் சொற்பமாக உள்ள பொட்டாசியம்-40 மெல்ல மெல்லக் கால்சியமாகவும் ஆர்கானாகவும் மாறுவது வலிமை குறைந்த அணுக்கரு விசையால். இயற்கையின் அடிப்படை விசைகள் நான்கும் அருவியடியிலேயே இருக்கின்றன!

★ நான்கில் மிக மிக மெலிந்தது ஈர்ப்பு விசைதான். இரண்டு புரோட்டான்களுக்கு இடையிலான மின் விலக்கம், அவற்றின் ஈர்ப்பைவிட 1-க்குப் பின் 36 சுழியம் போட்ட மடங்கு பெரிது.

★ நான்கும் ஒன்றுதானா? மின்காந்த விசையையும் வலிமை குறைந்த விசையையும் இணைத்ததற்காக கிளாஷோ, அப்துஸ் சலாம், வெய்ன்பெர்க் மூவரும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு வழி திறந்தது, 1957-இல் இயற்பியலாளர் மார்ஷக்குடன் சேர்ந்து இ.சி.ஜி. சுதர்சன் தந்த, வலிமை குறைந்த விசை பற்றிய கோட்பாடு. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். பின்னாளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அவருக்கு நோபல் தராதது அநியாயம்.

★ நான்கு விசைகளையும் இணைக்கும் ஒரே சூத்திரம் கிடைத்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடுமா? விளங்காது என்று 1972-இல் வாதிட்டார் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன். துகள்கள் பெருகிச் சேரும்போது ஒவ்வொரு படியிலும் புது விதிகள் முளைக்கின்றன என்பது அவர் கட்சி. அடிப்படை விதி கைக்கு வந்தாலும், கல்வராயன் மலையின் கோமுகி ஆற்று வெள்ளத்தின் சுழலை அதிலிருந்து நேராகக் கணித்துவிட முடியாது. ஆண்டர்சன் சொன்னதே சரி என்று படுகிறது.

★ “எல்லாம் ஒன்றே” என்று தத்துவம் சொல்லலாம். இயற்பியல் சாட்சி கேட்கும். விசைகள் ஒன்றானால் புரோட்டானும் என்றாவது சிதைய வேண்டும் என்று 1970-களில் சலாமும் ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் சொன்னார்கள். அதைச் சோதிக்க 1980-களில் தேர்ந்தெடுத்த இடங்களுள் ஒன்று, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய கோலார் தங்கவயல். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானியரும் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 140 டன் கருவியை வைத்துக் காத்திருந்தார்கள். விண்ணிலிருந்து பொழியும் துகள்களை அவ்வளவு பாறை வடிகட்டிவிடும் என்பதால்தான் அந்த ஆழம். சந்தேகத்துக்கிடமான சில தடயங்கள் சிக்கின. மற்ற நாட்டுச் சோதனைகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. கோலார் ஆய்வுகளின் முன்னோடி பி.வி. ஸ்ரீகண்டன் பின்னாளில் பெங்களூரில் அறிவியல் தத்துவத்தை ஆராய்ந்தார்.

★ ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வுக்கூடம் புரோட்டான் சிதைவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு புரோட்டான்கூடச் சிதைந்ததாக உறுதியாகவில்லை.