மூச்சறியும் மின்னணுக் குழலும் நாகசுரமும்

கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டத்திலும் பிற தோட்டங்களிலும் தமிழர் வாழ்வு கோயிலை ஒட்டியே அமைந்தது. அக்கோயில் மரபின் மங்கல இசை நாகசுரமாகும். எனினும், உரத்து ஒலிக்கும் இக்கருவியைச் சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் நாள்தோறும் பயிலுதல் எளிதன்று. காதணி ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்கும் மூச்சறி மின்னணுக் கருவி இதற்குத் துணையாகுமா என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

இத்தகைய கருவிகள் புதியன அல்ல. அமெரிக்காவின் லிரிகான் 1970களில் உருவானது. 1987இல் ஜப்பானிய நிறுவனங்களான யமாஹாவும் அகாயும் முறையே டபிள்யூ.எக்ஸ்.7, ஈ.டபிள்யூ.ஐ. ஆகியவற்றை வெளியிட்டன. இன்றைய இத்தகைய கருவிகள் பலவற்றின் அடிப்படை இதுவே. ஊதும் காற்றின் அழுத்தம் சிலிக்கன் தகட்டை வளைக்கின்றது; வளைவுக்கேற்ப மின்தடை மாறுகின்றது; நுண்செயலி அம்மாற்றத்தை எண்ணாக்கி, ஒலியின் வலிமையையும் நிறத்தையும் ஆளுகின்றது. 1983இல் வந்த மிடி முறையில் மூச்சின் வலிமை பொதுவாக 0 முதல் 127 வரையிலான 128 படிகளில் குறிக்கப்படும்.

நாகசுரத்திற்கோ இது மட்டும் போதாது. கமகம் என்பது விரலால் துளையைப் பாதி மூடுதல், சீவாளியை உதட்டால் அழுத்துதல், மூச்சைக் கூட்டிக் குறைத்தல் ஆகிய மூன்றும் இணைந்து பிறப்பது. ஆகவே, திறப்பு, மூடல் என்னும் இரு நிலைகளை மட்டும் அறியும் விசைகள் பயன்படா. விரல் மூடும் பரப்பை அளக்கும் உணரியும் உதட்டழுத்த உணரியும் தேவை. சுருதி வளைவிற்கு மிடி அளிக்கும் 16,384 படிகள் இங்குக் கைகொடுக்கும். மேலும், இடைவிடாது மூச்சைச் சுழற்றி ஊதுவோர்க்குக் காற்று வெளியேறச் சிறு துளையும் வேண்டும்.

மலைக்குளிரும் கருதத்தக்கது. குழலினுள் உள்ள காற்று 30 பாகையிலிருந்து 20 பாகை செல்சியசுக்குக் குளிர்ந்தால், சுருதி ஏறத்தாழ அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். மின்னணுக் கருவியில் இச்சிக்கல் இல்லை. ஆனால், குளிரில் உணரியின் சுழிநிலை பிறழலாம். மூச்சின் ஈரமும் உள்ளே நீர்த்துளியாகப் படியும். எனவே, இயக்கும்போதெல்லாம் ஊதாத நிலையைச் சுழியமாகக் கொள்ளும் நிரலும், ஈரம் உணரியை எட்டாத குழாயமைப்பும் இன்றியமையாதவை.

இக்கருவி நாகசுரத்திற்கு மாற்றாகாது, பயிற்சிக்கு வாயிலாகலாம். கோயிலில் ஒலிப்பதிவு தானே ஓடி முடியும். தீபாராதனை நீண்டால் உடன் நீளும் திறன் ஊதும் மனிதர்க்கே உண்டு. அம்மனிதரை உருவாக்க உதவுவதே இவ்வடிவமைப்பின் பயன் எனலாம். அதன் தகுதியைப் பொறியாளரோடு நாகசுரக் கலைஞரும் அமர்ந்து மதிப்பிடல் வேண்டும்.