ஐந்து வயது மூளையின் பசி

ஐந்து வயதுக் குழந்தையின் உடல் ஒரு நாளில் செலவழிக்கும் ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே போய்விடுகிறது. ஓட, குதிக்க, அழ, வளர எல்லாவற்றுக்கும் மீதிதான். அந்த வயதில் உடல் மெதுவாக வளர்வதே மூளைக்கு விட்டுக்கொடுப்பதால்தான் என்று கிறிஸ்டோபர் குசாவா என்ற மானுடவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இவ்வளவு தின்னும் மூளை தனக்கென்று எதையும் பெரிதாகச் சேர்த்துவைப்பதில்லை. ரத்தத்தில் வரும் குளுக்கோஸை இடைவிடாமல் எடுத்துக்கொள்ளும். நாம் தூங்கும்போது அதை அனுப்பிக்கொண்டிருப்பது கல்லீரல். கிளைக்கோஜனாகக் கட்டிவைத்ததைக் கரைத்துக் கரைத்து அனுப்புகிறது. குழந்தைக்குக் கல்லீரல் சிறியது, செலவோ பெரியது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட பிள்ளை, விடியுமுன்பே அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்ட வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தால், மதியச் சத்துணவு வரை 16 மணி நேரம் ஆகிவிடும். உடல் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் சமாளிக்கும். ஆனால் அந்தச் சமாளிப்பு நடக்கும் நேரத்தில்தான் கரும்பலகையில் கணக்குப் போடுகிறார்கள்.

“நாங்களெல்லாம் பட்டினி கிடந்து படிக்கவில்லையா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்ரெகரும் டொனால்ட் சிமியனும் செய்து 1989-இல் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குப் பதில் சொல்லும். காலை உணவு இல்லாத நாளில், நல்ல ஊட்டத்தோடு வளர்ந்த பிள்ளைகள் சோதனைகளில் பின்தங்கவில்லை. வளர்ச்சி குன்றிய பிள்ளைகள்தான் சிலவற்றில் தடுமாறினார்கள். ஆக, ஒரே பட்டினி எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஏற்கெனவே அடிபட்டவரைத்தான் தேடி அடிக்கிறது.

அதே நாட்டின் கிராமப் பள்ளிகளில் பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது. வசதியான வகுப்பறையில் காலை உணவு கவனத்தைக் கூட்டியது. வசதி குறைந்த, நெரிசலான வகுப்பிலோ சாப்பிட்ட பிள்ளைகள் பாடத்தை விட்டுப் பேச்சில் இறங்கினார்கள். இதை உணவின் தோல்வி என்று நான் ஏற்கமாட்டேன். தெம்பு வந்த பிள்ளை பேசத்தான் செய்யும். அந்தத் தெம்பைப் பாடத்துக்குள் இழுப்பது வகுப்பறையின் பொறுப்பு.

தமிழ்நாட்டில் காமராசர் 1956-இலும் எம்.ஜி.ஆர். 1982-இலும் மதியப் பசியைக் கையிலெடுத்தார்கள். காலைப் பசிக்கு மாநிலம் முறையாக வந்துசேர்ந்தது 2022 செப்டம்பர் 15 அன்று, மதுரையில்: 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள், 1.14 லட்சம் குழந்தைகள். அடுத்த ஆண்டே இந்தக் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார். சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்களும் அவர்களில் உண்டு. பரிமாறுவது முதல் பாடவேளைக்கு முன்னால். அறிவியல் கேட்கும் நேரமும் அதுவே.

இத்திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மூளையின் பங்கு குறையக் குறைய, உடல் வேகமெடுத்து வளரக் கிளம்பும் பருவம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆறாம் வகுப்புக்கும் அந்தத் தட்டு வரவேண்டும்.