சொற்பட்டியலை விழுங்கலாமா?

பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தை நாடும் பிள்ளை இருக்கும் நெல்லியடி வீடு எதிலும் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையை அறியாதார் அரியர். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என அதற்கு நான்கு பகுதிகள். மிகக் கூடிய புள்ளி 9. பல பல்கலைக்கழகங்கள் 6.5 கேட்கின்றன. அரைப் புள்ளி குறைந்தாலோ, கட்டிய பணம் போவதோடு அவ்வாண்டுக்குரிய இடமும் கைநழுவக் கூடும்.

இந்த அச்சத்தினாலேதான் நம் மாணாக்கர் அரிய சொற்களைப் பட்டியலிட்டு மனனஞ் செய்கின்றனர். அகராதியிற் பற்றுக்கொண்ட மண் அல்லவா இது! நல்லூரில் இருந்த யோசேப்பு நைற் பாதிரியார் தொடக்கிய பணியை வின்சுலோ நிறைவேற்றி, 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் தமிழ் - ஆங்கில அகராதியாக 1862இல் வெளியிட்டார். ஆனால் அகராதி பார்ப்பதற்குரியது, விழுங்குவதற்குரியதன்று.

நெல்லியடிச் சந்தையில் ஒருவர், “ஒரு கிலோ வழுதுணங்காய் நல்குக” என்று கேட்டால் கத்தரிக்காய் விற்கும் அம்மையார் என்ன நினைப்பார்? ‘மெனி’ என்று எழுதவேண்டிய இடமெல்லாம் ‘பிளெதோரா’ என்று எழுதும் மாணவரைப் பரீட்சகரும் அவ்வாறே நினைப்பார். அச்சொல் வெறும் ‘பல’ அன்று. அளவுக்கு மிஞ்சிய பெருக்கத்தைக் குறிப்பது. எழுத்துப் பகுதியிற் சொல்வளத்துக்குக் காற்பங்குப் புள்ளி உண்டு என்பது மெய்யே. எனினும் அங்கே சொல்லின் அருமை மட்டுமன்றி, அது இடத்துக்குப் பொருந்துகின்றதா என்பதும் நோக்கப்படும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் கூட்டாளிகள் உண்டு. நாம் குற்றம் ‘செய்கிறோம்’, பிழை ‘விடுகிறோம்’. ஆங்கிலேயரோ ‘கிறைம்’ என்பதற்குக் ‘கொமிற்’ என்றும், ‘மிஸ்ரேக்’ என்பதற்கு ‘மேக்’ என்றும் சேர்ப்பர். மழை பலமாகப் பெய்தால் நமக்கு அது பலத்த மழை. அவர்களுக்கோ பாரமான மழை, ‘ஹெவி றெயின்’. பொருளை மாத்திரம் பாடமாக்கியவர் தடுக்கி விழும் இடம் இதுவே.

அவ்வாறாயின் எவற்றைக் கற்பது? மைக்கேல் வெஸ்ற் என்பார் 1953இல் வெளியிட்ட ஏறத்தாழ 2,000 பொதுச் சொற்களே அத்திவாரம். அதற்கு மேலே, கல்வி நூல்களில் அடிக்கடி வருவனவற்றை அவெறில் கொக்ஸ்ஹெட் அம்மையார் 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். அத்தகைய நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இவையே. குடும்பம் என்றது எதனை? ஆய்வு, ஆய்வாளர், ஆராய்ச்சி என்பன நமக்கு உறவாதல் போல, ‘அனலைஸ்’, ‘அனலிஸ்ற்’, ‘அனலிசிஸ்’ என்பன அவர்க்கு உறவு.

ஒரு கொப்பியை எடுத்துப் பக்கத்துக்கு ஒரு குடும்பமாக எழுதுக. கீழே அதன் கூட்டாளிகளையும், வாசித்த நூலிற் கண்ட வாக்கியம் ஒன்றையும், தாமே ஆக்கிய வாக்கியம் ஒன்றையும் குறிக்குக. ஆங்கிலம் அறியாத தாயாரும் கொப்பியைப் பிடித்துக்கொண்டு தமிழ்ப் பொருளைச் சொல்லிக் கேட்கலாம். நாளொன்றுக்கு ஆறு குடும்பமெனின், 95 நாளில் 570உம் முடிந்துவிடும்.