மனைக்கேற்ற குதிரை லாயம்

வீடு கட்டுவதற்கு முன், வாசல் எத்திசை, காற்று எப்பக்கம், மழைநீர் எவ்வழி ஓடும் என்று பத்துப் பேரிடம் கேட்டறியும் நாம், வாய் பேசாத உயிருக்கு இருப்பிடம் அமைக்கும்போது அத்துணை ஆராய்வதில்லை. பெங்களூரின் புறத்தே ஆனேக்கல், சர்ஜாபுரம், தேவனஹள்ளிப் பக்கங்களில் ஓரிரு ஏக்கர் நிலம் வாங்கிய அன்பர்கள் சிலருக்கு, பிள்ளைகள் ஏறிப் பழக ஒரு குதிரையோ மட்டக்குதிரையோ வளர்க்க வேண்டும் என்னும் ஆவல் எழுவதுண்டு. ஆவல் நல்லதே. ஆயினும், குதிரை வாங்குவதற்கு முன் லாயத்தை எண்ணவேண்டும். லாயம் கட்டுவதற்கு முன் அதன் வகையை எண்ணவேண்டும். அதுபற்றிச் சில செய்திகளை இங்கே கூற விழைகிறோம்.

முன்னோர் தரும் பாடம்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, ஒரு துயரச் செய்தியை எழுதிவைத்துள்ளார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் அரபு நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கின. ஆண்டு முடிவில் அவற்றுள் உயிர் தப்பியவை மிகச் சிலவே. பேணத் தெரிந்தவர் இன்மையும், ஒவ்வாத உணவுமே காரணம் என்கிறார் அவர். பொன்னைக் கொட்டி வாங்கிய செல்வம் அறியாமையால் மடிந்தது. பணமிருந்தும் அறிவின்றிக் குதிரை வாங்குவோருக்கு இன்றும் இதுவே எச்சரிக்கை.

அறிந்தவர்களும் நம் நாட்டில் இருந்தனர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், குதிரை மேற்பார்வையாளனின் கடமைகளைக் கூறுமிடத்தில் லாயத்தின் அமைப்பையும் வகுத்துரைக்கிறது. தளத்துக்கு வழவழப்பான பலகை வேண்டும். சிறுநீரும் சாணமும் வெளியேற வழி வேண்டும். வாயில் வடக்கையோ கிழக்கையோ நோக்க வேண்டும். ஆண் குதிரை, பெட்டைக் குதிரை, குட்டி ஆகியவற்றைத் தனித்தனியே வைக்கவேண்டும் என்பன அதன் விதிகளிற் சில. இவற்றுள் ஒன்றேனும் இன்று பழமையாகிவிட்டதெனச் சொல்லுவதற்கில்லை.

நம் பெங்களூருக்கும் இதில் ஒரு கதை உண்டு. 1896இல் 4ஆம் ஹுஸ்ஸார் குதிரைப்படையுடன் கண்டோன்மென்டுக்கு வந்த இளம் அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சில், தோழர் இருவருடன் ஒரு பங்களாவில் தங்கினார். சுமார் 2 ஏக்கர் வளாகத்தில் அவர்கள் 30 குதிரைகளுக்கு லாயம் கட்டியதைத் தம் இளமை வரலாற்று நூலில் அவர் குறிப்பிடுகிறார். மண்சுவரும் ஓட்டுக் கூரையுமே அதன் அமைப்பு! குளிர்நாட்டில் வளர்ந்த அவர்கள் தம் நாட்டு லாயத்தை இங்கே பெயர்த்து நடவில்லை. மண்சுவர் வெயிலைத் தடுக்கும். ஓட்டின் இடுக்குகள் வெப்பக் காற்றை வெளியே விடும். 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஆலை தொடங்கியபின் புகழ்பெற்ற அவ்வோடு இன்றும் லாயத்துக்குத் தக்க கூரையே. தகரக் கூரை பகலில் கொதிக்கும். ஆலங்கட்டி மழையில் அதன் ஓசையே குதிரையை மிரட்டும்.

மூவகை லாயங்கள்

உலகில் வழங்கும் லாயங்களைப் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடக்கலாம்.

முதலாவது, நடுவழி லாயம். ஒரே கூரையின்கீழ் இருபுறமும் அறைகள், நடுவே 12 அடி அகல வழி. பனி பெய்யும் நாடுகளில் இது பெரிதும் விரும்பப்படுகிறது. மழையில் நனையாமல் தீவனம் வைக்கலாம். எல்லாக் குதிரைகளையும் ஒரே பார்வையில் காணலாம். ஆயின், காற்று தேங்குவது இதன் பெருங்குறை. ஒரு குதிரை இருமினால் அந்நோய் எளிதில் மற்றவற்றையும் பற்றும். தீப்பிடித்தால் புகை நடுவழியெங்கும் நிறையும். எட்டு, பத்துக் குதிரைகள் வைப்போர் இதைக் கட்டுவதாயின், வழியின் இரு முனைகளும் அகலத் திறக்கவேண்டும்; கூரை முகட்டில் நெடுகக் காற்றுவழி விடவேண்டும்.

இரண்டாவது, வரிசை லாயம். அறைகள் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் வெளித்தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும். பந்தயக் குதிரைகளின் லாயங்களில் இவ்வமைப்பை மிகுதியாகக் காணலாம். முன்னே கதவும் பின்னே சாளரமும் இருப்பதால் காற்று ஊடுருவிச் செல்லும். இன்று இரண்டு அறை கட்டிவிட்டு, வசதி வந்தபின் மேலும் இரண்டு சேர்க்கலாம். ஆபத்து நேர்ந்தால் ஒவ்வொரு குதிரையையும் நேரே வெளியேற்றலாம். ஓரிரு ஏக்கரில் இரண்டு முதல் ஆறு குதிரை வரை வைப்போருக்கு இதுவே உகந்ததென்பது நம் கருத்து.

மூன்றாவது, திறந்த கொட்டகை. மூன்று பக்கச் சுவரும் ஒரு கூரையும் மட்டுமே. குதிரை விரும்பியபோது உள்ளே வரும்; விரும்பியபோது மேயச் செல்லும். செலவு குறைவு, குதிரையின் இயல்புக்கும் மிக நெருங்கியது. ஆனால் வேலியிட்ட மேய்ச்சல் நிலம் தாராளமாக வேண்டும். பன்னேர்கட்டாக் காட்டோரத்தில் நிலம் உள்ளோர் சிறுத்தையை நினைவிற்கொண்டு, இரவில் அடைக்கத்தக்க அறையொன்றையும் சேர்த்தே கட்டுவது நலம்.

காற்றும் மழையும்

ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ள நம் நகரில் குதிரைக்குக் குளிர் பகையன்று. ஈரமும் தேங்கிய காற்றுமே பகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசுகிறது. ஆகவே லாயத்தின் நீளம் கிழக்கு மேற்காக அமைந்து, கதவுகள் வடக்கு நோக்கினால், பருவமழையின் சாரல் முதுகுப்புறத்தில் தங்கிவிடும். காலை மாலை வெயிலும் நீண்ட சுவர்களைத் தாக்காது. கௌடில்யர் விதித்த திசை இங்கும் பொருந்துவது காண்க. அக்டோபர், நவம்பர் மழை வடகிழக்கிலிருந்து வருமாதலால், தாழ்வாரம் 8 அடி அகலமேனும் இருத்தல் வேண்டும்.

அறைக்கு 12 அடி நீளமும் 12 அடி அகலமும் பொது அளவு. மட்டக்குதிரைக்குப் பத்துக்குப் பத்து போதும். குட்டியோடு கூடிய பெட்டைக்கு இன்னும் பெரிது வேண்டும். கதவு 4 அடி அகலம், 8 அடி உயரம். தளம் சுற்றுத் தரையைவிட ஓரடி உயர்ந்து, சிறிதே சரிந்து, திறந்த ஆழமற்ற சாக்கடையில் முடியவேண்டும். இப்பக்கத்தில் கருங்கல் பாளம் எளிதில் கிடைக்கிறதென்று அதனையே பரப்பிவிடுவோர் உளர். ஈரமான கல்லில் லாடமிட்ட கால் வழுக்கும்; எலும்பு முறிந்தால் பெரும்பாலும் குதிரையை இழக்கவே நேரும். கெட்டித்த களிமண் தளமோ, சொரசொரப்பான சிமெண்டின்மேல் ரப்பர் விரிப்போ நன்று.

லாயம் தூயதா என்றறிய எளிய வழி ஒன்றுண்டு. விடியற்காலையில் உள்ளே சென்று, குனிந்து, தரையருகே முகர்ந்து பாருங்கள். கண்ணும் மூக்கும் எரிந்தால், சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா அங்கே தங்கியிருக்கிறது. அக்காற்றைத்தான் குதிரை இரவெல்லாம் உட்கொண்டது. அதன் நுரையீரல் கெடுவதற்கு அதுவே போதும்.

ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ சாணமிடும். ஆண்டுக்கு அது 7 டன்னைக் கடக்கும். அதற்குரிய குழியை லாயத்துக்கும் கிணற்றுக்கும் தொலைவில் முதலிலேயே வகுத்திடுக. புல்லையும் வைக்கோலையும் லாயத்தின் பரண்மீது அடுக்காமல் தனிக் கொட்டகையில் வைத்திடுக. மின்கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்திடுக. மேற்காசியாவில் பரவிய ஆப்பிரிக்கக் குதிரை நோய் 1960இல் இந்தியாவுக்கும் வந்து பல குதிரைகளை மாய்த்தது. அந்நோயைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கொசு வகை. அந்திக்குமேல் சாளரங்களுக்கு நெருங்கிய வலை இடுவது வீண்செலவன்று.

குதிரையைப் பேணும் ஆளுக்கும் இடம் வேண்டும். கொள்ளுமூட்டைக்கும் சேணத்துக்கும் அறை வகுக்கும் வரைபடங்கள் பல அவரை மறந்துவிடுகின்றன. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. வயிற்றுவலி கண்டால் சில மணி நேரத்தில் உயிர்க்கே இடர் நேரலாம். நள்ளிரவில் அது கால் உதைக்கும் ஓசை கேட்கும் தொலைவில், காற்றோட்டமும் கழிப்பிடமும் உள்ள ஓர் அறையை அவருக்குக் கட்டுவது அறமும் ஆகும், காவலும் ஆகும்.

வாங்கும் முன்

குதிரை கூட்டமாய் வாழும் பிராணி. நான்கு சுவர்களுக்குள் தனித்து நிற்பது அதற்குச் சிறை. ஆகவே எவ்வகை லாயமாயினும், ஒன்று மற்றொன்றைக் காணும்படி அமைத்திடுக. போதிய உணவும் நீரும் உறைவிடமும் அளிக்கத் தவறுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

நாற்பதுக்கு அறுபது அடி மனையில் வீட்டையும் கட்டி, மூலையில் ஒரு குதிரையையும் கட்ட நினைக்கும் அன்பருக்கு நாம் சொல்வது ஒன்றே: வாங்காதீர்கள். பெங்களூரில் குதிரையேற்றப் பள்ளிகள் உள்ளன. பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள். நிலமும் பொருளும் ஆளும் ஒருங்கே அமைந்தோர், இந்தப் பருவமழையில் தம் நிலத்தில் நீர் எங்கே தேங்குகிறது, காற்று எவ்வழி வருகிறது என்று ஒருமுறை நின்று பார்க்கட்டும். அதன்பின் கொத்தனாரை அழைக்கலாம். குதிரையை அதற்கும் பின்னர் அழைத்து வரலாம்.