முயற்கூட்டின் காவல்

கூட்டில் அடைபட்ட முயலுக்கு ஓடித் தப்பும் வழியில்லை. எனவே அதனை அடைத்தவருக்கே காக்கும் கடனும் உண்டு.

நுரைச்சோலை மணற்பாங்கான ஊர். மணலை முயல் உள்ளிருந்து தோண்டும். நாயும் கீரியும் வெளியிலிருந்து தோண்டும். ஆதலால், தரையில் அமைத்த கூட்டைச் சுற்றிக் கம்பிவலையை ஓரடி ஆழம் புதைத்து, அடிவிளிம்பை வெளிப்புறமாக மடித்துவிடுதல் வேண்டும்.

அகன்ற கண்ணுள்ள கோழிவலை கோழியைத் தடுக்கும். எலியையும் சிறு பாம்பையும் தடுக்காது. அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணும், நாகப்பூச்சும் உடைய தடித்த கம்பிவலையே தக்கது. கடற்காற்றின் உப்பு அப்பூச்சையும் நாளடைவில் அரித்துவிடும். ஆகவே திங்கள்தோறும் வலையையும் ஆணிகளையும் அழுத்திப் பாருங்கள். துருவேறிய பகுதியை உடனே மாற்றுங்கள்.

கதவைக் கயிற்றால் கட்டுவது போதாது. முயலே அதனைக் கடித்து அறுத்துவிடும். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கொளுக்கிகள் இடுங்கள்.