குஞ்சு பொரிப்பானில் ஈரப்பதம் காப்போம்

நாட்டுக்கோழி வளர்ப்பு கிராமக் குடும்பங்களுக்கு ஏற்ற உபதொழிலாகும். மின்சாரக் குஞ்சு பொரிப்பான்கள் இன்று பல ஊர்களில் மகளிர் குழுக்களிடம் உள்ளன. ஆயினும், 21-ஆம் நாளில் ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சு வெளிவர இயலாது உள்ளேயே மடிவதைக் கண்டு மனம் நொந்தோர் பலர். முட்டையின் மீதும் சேவலின் மீதும் பழி சுமத்துமுன், பெட்டியின் ஈரப்பதத்தைச் சோதித்தல் நன்று.

முட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் சிறிது சிறிதாக ஆவியாகிறது. முதல் 18 நாட்களில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் இழத்தல் வேண்டும். காற்று வறண்டிருப்பின் இழப்பு மிகும். உட்சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் காற்றறை சிறுத்துக் குஞ்சு மூச்சுத் திணறும். விசிறியுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி சென்டிகிரேடும், ஈரப்பதம் முதல் 18 நாட்களில் 50 முதல் 60 சதவீதமும், கடைசி 3 நாட்களில் 65 முதல் 70 சதவீதமும் இருத்தல் வேண்டும்.

ஈரப்பதம் குறைந்தால் செய்யவேண்டியவை யாவை?

முதலாவது, வெப்பத்தைப் பாருங்கள். வெப்பம் ஏறினால், நீர் அதே அளவு இருந்தாலும் ஈரப்பதம் தாழும். எனவே தெர்மோஸ்டாட்டின் பிழையை முதலில் நீக்குக.

இரண்டாவது, நீர்த்தட்டைப் பாருங்கள். நீரின் ஆழமன்று, அதன் பரப்பே ஈரத்தைத் தருவது. ஆகையால் அகலமான தட்டு வைத்தல் உத்தமம். தட்டைத் தொடுமுன் மின்சாரத்தை நிறுத்துக.

மூன்றாவது, உப்புநீர்ப் பகுதிகளில் திரியிலும் ஈரமூட்டியிலும் வெண்படலம் படியும். திரியை மாற்றுக, ஈரமூட்டியின் நீர்படும் பாகத்தை வினிகரில் ஊறவைத்துக் கழுவுக.

ஈரம் மிகுந்தாலோ, காற்றுத் துளைகள் அடைபட்டுள்ளனவா என்று நோக்குக. துளைகளை முழுதும் மூடுதல் ஒருபோதும் கூடாது. குஞ்சுக்கும் பிராணவாயு வேண்டுமன்றோ?

இவையெல்லாம் சரியாயிருந்தும் குறை தீராவிடில், அளவுகாட்டியே பொய் சொல்லலாம். அதை அறிய எளிய வழி உண்டு. சமையல் உப்பைச் சில துளி நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து, ஒரு சிறு மூடியில் இடுக. அதனையும் ஒரு தனி ஈரமானியையும், ஒன்றையொன்று தொடாதவாறு, காற்றுப் புகாத டப்பாவில் 8 மணி நேரம் வைத்திடுக. ஈரமானி 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால், அது 5 குறைத்துக் காட்டுகிறது என்று கொள்க. இவ்வாறு சோதித்த ஈரமானியைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியின் அளவுகாட்டியுடன் ஒப்பிடுக.

கடைசி 3 நாட்களில் மூடியை அடிக்கடி திறவாதீர். நாள்தோறும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு நோட்டில் குறித்து வருமாறு ஊராட்சி அங்கத்தினர்கள் குழுக்களை ஊக்குவிப்பாராக. அந்நோட்டு ஒரு பொரிப்பின் நஷ்டம் அடுத்ததிலும் தொடராது காக்கும்.